பட்டியலில் நான் பத்திரமாக இருந்தேன்

அந்த மண்டபம் விழுந்தபோது அதற்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. மேஸ்திரியின் நோட்டில் அப்படித்தான் இருந்தது. காலையிலேயே என் பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டார். உண்மையில் அந்த நேரம் நான் காஞ்சிபுரத்தில், ஒரு நர்சிங் காலேஜ் வராந்தாவில், மகளின் மார்க் ஷீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். எனக்குப் பதிலாக என் நாத்தனார் வேலைக்குப் போயிருந்தாள்.

இதை வெளியே சொல்லாதே என்று அன்றைக்கும் அதற்குப் பிறகும் பல பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். ஆள் மாற்றி அனுப்பியது தப்பாம். நான் தப்பென்று நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. உத்திரமேரூரைச் சுற்றிக் கட்டட வேலைக்குப் போகிற சித்தாள் பெண்கள் எல்லோரும் செய்வதுதான் அது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் அக்கா வருவாள். அக்காவுக்கு முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி. தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாளில் ஒரு ஆள் குறைந்தாலும் சட்டி கைமாறுகிற வரிசை அறுந்துபோகும். வராமல் போனவளை அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். "எனக்கு இருவது தல வேணும். யார் தலன்னு நான் கேக்க மாட்டேன்" என்று மேஸ்திரியே சொல்வார். சொன்ன மாதிரியே ஒரு நாளும் கேட்டதில்லை. யார் வந்தாலும் பழைய பெயருக்கே டிக் விழும்.

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஆகாது. அதையும் சொல்லிவிடுகிறேன். புருஷனோடு ஒத்துவரவில்லை என்று அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ஏதோ ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வீடு அவள் அப்பா கட்டியது, அதனால் அவள் போக மாட்டாள். நான் வாழ வந்த வீடு, அதனால் நானும் போக மாட்டேன். ஒரே கூரைக்கு அடியில் ரெண்டு அடுப்பு வைத்துக்கொண்டோம். என் மகள் மட்டும் ரெண்டு அடுப்பிலும் சாப்பிடுவாள்.

அன்று காலையும் சண்டைதான்.

"உம் பொண்ணு காலேஜ் போவ நான் ஜல்லி சொமக்கணுமா?" என்றாள்.

"நீ ஒண்ணும் போவ வேணாம். வேல போனா போவட்டும்."

"போவட்டுமா? அப்புறம் அந்தப் பொண்ணுக்கு யார் சோறு போடுவா, உங்கப்பனா?"

சொல்லிக்கொண்டே சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை. போகாதே என்று தடுக்கவும் இல்லை.

காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸைத் திருப்புலிவனத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கண்டக்டர் இறங்கி விசாரித்துவிட்டு வந்து, "அந்தப் புது கல்யாண மண்டபம் வியுந்துட்ச்சாம். ரோட்டுல வண்டி வுட மாட்றான்" என்றார். மற்றவர்கள் கேட்க ஆரம்பிப்பதற்குள் நானும் மகளும் இறங்கி ஓடத் தொடங்கிவிட்டோம். பாதி வழியில் அவளை வீட்டுக்கு விரட்டினேன். அத்தை வந்துவிட்டாளா பார்த்துச் சொல் என்றேன். கோபம் வந்தால் நடு வேலையில் சட்டியைப் போட்டுவிட்டுப் போகிற ஆள்தான் அவள். அன்றைக்கும் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். மண்டபத்தை நெருங்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது.

"அத்த வூட்ல இல்லம்மா. அத்த போனு அடுப்பாண்டயே கீது."

மண்டபம் இருந்த இடத்தில் மூன்று தளமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. முந்தின வாரம் பெய்த மழையில் ஏரி ஓரத்துக் களிமண் இளகிவிட்டது என்றார்கள், முட்டுக்கொம்பு நழுவியது என்றார்கள். எது காரணம் என்று நான் ஆராயப் போவதில்லை. ஓட்டல்காரர், வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், எங்கள் காலனி ஆண்கள் எல்லோரும் கையாலும் கடப்பாரையாலும் முடிந்தவரை ஆட்களை இழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குள் மீட்புப் படையும் லாரிகளில் வந்து இறங்கியிருந்தது. ஆரஞ்சு உடுப்பு, ஹெல்மெட், கான்கிரீட் அறுக்கிற ரம்பம், பூமிக்குள் சத்தம் கேட்கிற கருவி. பட்டணத்தில் அடுக்குமாடி சரிந்தால் போகிற படை. அவர்களை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன்.

மேஸ்திரி நெற்றியில் கட்டோடு ஒரு அதிகாரி பக்கத்தில் நின்று நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயராகப் படிக்க, ஆஸ்பத்திரிக்குப் போனவர், சின்னக் காயத்தோடு வேப்ப மரத்தடியில் இருப்பவர் என்று அதிகாரி குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு பெயர் மிஞ்சியது. என் பெயர். மேஸ்திரி தலையைத் தூக்கினார், என்னைப் பார்த்தார்.

"இதோ! இதோ நிக்கிறா சார்! எல்லாரும் வந்தாச்சி!"

சுற்றி நின்ற கூட்டமே மூச்சுவிட்டது. முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கன்னத்தைத் தடவி, "மகராசி, பொயச்சிக்கினியே" என்றாள். என்னைப் பார்த்து அத்தனை பேர் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அதிகாரி தன் குறிப்பேட்டை மூடிவிட்டு, தூரத்தில் நின்ற இடிபாடு வாருகிற பெரிய மெஷினைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"கீறா! உள்ள கீறா சார்!" என்று கத்தினேன்.

"யாரும்மா?"

"நான்தான் சார்! நான்தான் உள்ள கீறேன்!"

பதற்றத்தில் அப்படித்தான் வந்தது. என் பெயர்தானே உள்ளே இருந்தது. அதிகாரி இரக்கமாகப் பார்த்தார். அதிர்ச்சியில் பேசுகிறாள், தண்ணீர் கொடுங்கள் என்றார். யாரோ பாட்டிலை வாயருகே கொண்டுவந்தார்கள். அதைத் தட்டிவிட்டேன். எனக்குப் பதிலாக வந்தவள் உள்ளே இருக்கிறாள் என்று சொல்வதற்குள் மேஸ்திரி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்விட்டார். நாத்தனார் வந்ததை அவரிடம் சொன்னேன்.

"இன்னாம்மே உளறிக்கினு கீற? அவ எங்கனா போயிருப்பா. அவ கொணம் உனுக்குத் தெரியாதா? நோட்டுல இல்லாத ஆள உள்ள வெச்சி வேல வாங்கனேன்னு எம் மேல கேஸ் வரும். வாய மூடிக்கினு வூட்டுக்குப் போ."

காலையில் அவர் அவள் முகத்தைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தலையை மட்டும் எண்ணியிருக்கலாம். வரிசையில் அவள் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில். மரத்தடியில் இருந்தவர்கள் வேறு ஊர் ஆட்கள், மேல் தளத்தில் நின்றவர்கள். அவள் உள்ளே இருக்கிறாள் என்று சொல்ல அந்த இடத்தில் என்னைத் தவிர ஒரு ஆள் கிடையாது. நானோ, உள்ளே யாரும் இல்லை என்பதற்குச் சாட்சியாக இரண்டு காலில் நிற்கிறேன்.

மெஷின் உறுமிக்கொண்டு வந்தது. நான் போய் அதன் இரும்புப் பல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திரு என்றார்கள், மாட்டேன் என்றேன். போலீஸ்காரர் ஒருவர், பெண் போலீஸ் வரட்டும் என்றார். வரட்டும் என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு பட்டாளமே வந்திருந்தாலும் அசைந்திருக்க மாட்டேன். அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மீட்புப் படைத் தலைவர் வந்து என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பேச்சில் தென்மாவட்டத்துக்காரர் என்று தெரிந்தது.

"யம்மா, நிதானமா சொல்லுங்க. என்ன சொல்லுதீங்க?"

"என் பேர்ல எங்க நாத்தனா வந்தா சார். நோட்டுல கீறது நான். உள்ள கீறது அவ."

அவர் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து கையை உயர்த்தினார். விசில் ஒன்று நீளமாக ஊதியது. மெஷின் நின்றது, ரம்பங்கள் நின்றன, ரோட்டில் நின்ற வண்டிகளின் இன்ஜினையும் அணைக்கச் சொன்னார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். படையைச் சேர்ந்த ஒருவர் தளத்தில் சுத்தியலால் ஐந்து முறை தட்டினார். இன்னொருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். இடம் மாற்றி இடம் மாற்றி நாலு தடவை இப்படிச் செய்தார்கள்.

"சத்தம் இருக்கு சார்" என்றார் காதுக் கருவிக்காரர். "ஆனா நம்ம தட்டுக்குப் பதில் மாதிரி தெரியல. அது பாட்டுக்கு வருது. கம்பி இறுகுற சத்தமா இருக்கும்."

"எப்பிடி வருது அந்தச் சத்தம்?" என்று கேட்டேன். என்னை அங்கே விட்டிருக்கக் கூடாது, ஆனால் யாரும் விரட்டவில்லை. அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் மேல் விரலால் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடியும் மூன்று.

அந்தத் தட்டு எனக்குத் தெரியும். கான்கிரீட் போடும்போது மிக்சர் ஓடுகிற இரைச்சலில் கத்தினால் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. கால் வழுக்குகிறது, கழுத்து பிடித்துக்கொண்டது, அடுத்த சட்டியை அனுப்பாதே என்று சொல்ல நாங்கள் காலிச் சட்டியின் விளிம்பைத் தட்டுவோம். மூன்று, விட்டு மூன்று. வரிசையின் மறுமுனையில் இருப்பவள் கேட்டுவிட்டால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த ஒரு தட்டு வருகிற வரைக்கும் இவள் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எந்தச் சத்தம் வந்தாலும் கணக்கில்லை. அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

தட்டியவர் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினேன். நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியில் ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தேன்.

காதுக் கருவிக்காரர் கண்ணைத் திறந்தார். "நின்னுடுச்சு சார்" என்றார்.

அதற்குப் பிறகு என்னை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பெரிய மெஷினைப் பின்னுக்கு அனுப்பிவிட்டார்கள். படை ஆட்கள் தளத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக முதலில் விளக்கையும் பிறகு ஒரு குழாயையும் விட்டார்கள். பக்கவாட்டில் நாலு பேர் வயிற்றால் ஊர்ந்து, முட்டுக்கட்டை வைத்து வைத்து, ஒவ்வொரு சாணாக உள்ளே போக ஆரம்பித்தார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு கால் நல்லா மாட்டியிருக்கு. நாங்க கிட்ட போகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் அவங்க தூங்கிடக் கூடாது. பேசிட்டே இருங்க."

குப்புறப் படுத்து ஓட்டையில் வாயை வைத்தேன். நாலு வருஷமாக ஒழுங்காக நாலு வார்த்தை பேசாத ஒருத்தியிடம் என்ன பேசுவது?

"நான்தான்டி" என்றேன்.

காதை ஓட்டையில் வைத்தேன். சிமெண்டு அடைத்த தொண்டையிலிருந்து குரல் வந்தது.

"காலேஜ்ல எடம் குட்த்தாங்களா?"

"குட்த்துட்டாங்க."

"ம்" என்றாள். நான் கூப்பிடக் கூப்பிட ம் கொட்டுவதும் சன்னமாகிக்கொண்டே வந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. என் புருஷனும் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் ம் கொட்டிக்கொண்டே இருந்து நிறுத்தினார். என்ன செய்வதென்று தெரியாமல், எனக்கு அவளிடம் என்ன பேச வருமோ அதையே பேசினேன்.

"ஏய், எங் கோயிய தூக்கி மூணாவது வூட்டுக்காரிக்கு நீதான குட்த்த?"

"இன்னாது? உங் கோயியா?" குரலில் உயிர் வந்தது. "எங் கூடைல குந்திக்கினு முட்ட வெச்சா அது எங் கோயி."

"தவுடு போட்டது நானு."

"தண்ணி வெச்சது யாரு?"

அப்படியே போனது. துவைக்கிற கல்லை யார் உடைத்தது, என் கல்யாணத்தில் அவளுக்கு எடுத்த புடவை ஏன் அத்தனை மட்டம், அவள் புருஷனைப் பற்றி நான் காலனியில் யாரிடம் என்ன சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. வெயில் முதுகைப் பொசுக்கியது. படையில் தமிழ் தெரியாத ஒருவர் தலைவரிடம், இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று இந்தியில் கேட்டார். தலைவர் ஏதோ சொல்ல, ஊர்ந்து போய்க்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் சிரிப்புக் கேட்டது. சிரிக்கட்டும். அவள் கோபமாக இருக்கிற வரைக்கும் உயிரோடு இருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளைக் கோபப்படுத்த என்னைவிடத் தேர்ந்த ஆள் இந்தத் தாலுக்காவில் இல்லை.

பொழுது சாய ஆரம்பித்தபோது மேஸ்திரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது.

"இதோ பாரும்மே. அவ வெளிய வந்தா உன் பேரயே சொல்லிடலாம். நோட்டு சரியாப் பூடும். ஆஸ்பத்திரி செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ மட்டும் கொஞ்ச நாள் வெளிய தல காட்டாத. ரெண்டு பேரும் ஒரே வூட்டு ஆளுங்கதான, எந்தப் பேரா இருந்தா இன்னா?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை வருஷமாக இருபது தலை, இருபது தலை என்று எண்ணியிருக்கிறார். எங்களில் யார் வந்தால் என்ன என்று நாங்களும் சிரித்துக்கொண்டே தலையை நீட்டியிருக்கிறோம்.

"செத்துட்டா?" என்று கேட்டேன். "உள்ளயே செத்துட்டா யாரு செத்ததுன்னு எயுதுவ மேஸ்திரி? நானா, அவளா?"

ஓட்டைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"யாரு அண்ணி சாவறது?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஓட்டையிலிருந்து வாயை எடுக்காமலே இவ்வளவும் பேசியிருக்கிறேன். "ஒண்ணுமில்ல. மேஸ்திரி வந்து கீறாரு" என்றேன்.

"போவச் சொல்லு அந்தாள."

வெளிச்சம் இருக்கும்போதே அவளை வெளியே கொண்டுவந்தார்கள். இடிபாட்டின் பக்கவாட்டிலிருந்து முதலில் ஒரு படைவீரரின் கால் வந்தது, பிறகு முதுகு, பிறகு பலகையில் கட்டிய அவள். முகம், முடி, இமை எல்லாம் சிமெண்டு. இடது கால் முழங்காலுக்குக் கீழே இருந்த நிலையைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கூட்டம் கை தட்டியது. படை ஆட்கள் கை தட்டவில்லை. அவர்கள் அவளை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவதிலேயே கண்ணாக இருந்தார்கள். அந்த ஊர்ந்து போன நாலு பேரின் முழங்கையும் முட்டியும் தோலுரிந்து இருந்தன. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலேயே ஓடினேன்.

ஆம்புலன்சில் ஏற்றும் முன் மணிக்கட்டில் ஒரு அட்டை கட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஆள் யார் என்று பதிவார்களாம். அட்டையும் பேனாவும் வைத்திருந்த ஒருவர் பெயர் கேட்டார். நான் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி பின்னாலிருந்து முந்திக்கொண்டு என் பெயரைச் சொல்லிவிட்டார். அட்டைக்காரரும் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"அது அவ பேரு."

சொன்னது நான் இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள். கண்ணைத் திறக்காமல், தலையை மட்டும் அந்த ஆள் பக்கம் திருப்பி, தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரைச் சொன்னாள். காலனி பெயரைச் சொன்னாள். அரை நாள் மண்ணைத் தின்ற தொண்டையை வைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இதிலும் என்னை முந்திக்கொண்டாள்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், மீட்புப் படைத் தலைவரைப் பார்த்தார். நேரமாகிறது, முதலில் ஏற்றுங்கள், அதையெல்லாம் அங்கே போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரி சொன்னார். ஸ்ட்ரெச்சரின் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாதி எழுதிய என் பெயரை அடித்துவிட்டு, அவள் பெயரை முழுசாக எழுதி முடிக்கும் வரை நான் அதை நகர விடவில்லை.